எசி போன இடமெல்லாம் அரபா

"ஹலோ... ஹலோ... கேக்குது பாஸ், கேக்குது. இங்க தகோராடி வரைக்கும் கேக்குது, கத்தாதீங்க... ஆமா ஆமா, எக்குவாதான். என் ஃபோன வேற யாரு எடுப்பா?... இல்ல, கொழந்தைக்குப் பேர் வெச்சு முடிஞ்சாச்சு, விடியறதுக்கு முன்னாடியே. இப்ப சாப்பாடு நடக்குது. கையில மீன் இருக்கு, சொல்லுங்க... என்னது?... மெதுவா பாஸ். யாரு உக்காந்திருக்கா?... எந்திரிக்க மாட்டேங்கிறாங்களா?... குடைய நீட்டிக்கிட்டா?"

எக்குவா மீனைத் தட்டில் வைத்துவிட்டு விரலை நக்கிக்கொண்டாள். கேப் கோஸ்டில் ஜோஜோ கார்ட்டியின் அச்சகத்தில் ஏழு வருஷமாக அவள்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிப் புத்தகம், சங்கத்து அறிக்கை, எதுவும் அவள் கை படாமல் மெஷினுக்குப் போகாது. அக்கா குழந்தையின் பேர் வைக்கும் சடங்குக்கு நாலு நாள் லீவு கேட்டபோது, தானே எல்லாம் பார்த்துக்கொள்வதாக முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன விதமே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"ஆன்ட்டி அரபா டாவியாவா? துணிக்கடைக்காரங்க... ஆமா ஆமா, நாளைக்கு அவங்க மகன் க்வெசிக்கு கல்யாணம். இன்னிக்குக் காலையில புத்தகம் குடுக்கணும்... குடுத்தாச்சா? அப்புறம் என்ன?... அவங்க பேரா? எப்படித் தப்பாகும்? மூணு தடவ படிச்சுப் பார்த்துட்டுதான பஸ் ஏறினேன். 'மணமகனின் தாயார் மேடம் அரபா டாவியா'ன்னு போட்டிருந்தேன்... இப்ப என்ன போட்டிருக்கு?... எசியா?... 'மேடம் எசி டாவியா'வா?... கடவுளே. பாஸ், எசி யாருன்னு தெரியுமா உங்களுக்கு?... தெரியாதா! கேப் கோஸ்ட்லயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது. மிஸ்டர் டாவியா இந்தம்மாவ விட்டுட்டுப் போய் யாரோட குடித்தனம் பண்றாரு? எசியோட! மகன் கல்யாணத்துல தாயாருன்னு சக்களத்தி பேர அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க... எத்தன?... முந்நூறா. ரொம்ப நல்லது. அந்தம்மா வெறும் குடையோட வந்தாங்களேன்னு சந்தோஷப்படுங்க."

முற்றத்துப் பந்தலில் பாட்டுப் பெட்டி அலறியது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

"இப்ப உண்மையச் சொல்லுங்க. எதத் தொட்டீங்க?... எதையுமே தொடலியா. அப்ப அரபா தானா எந்திரிச்சுப் போய் எசியா மாறிடுச்சா?... பாஸ்... பாஸ்... நான் வரி தட்டி வேலை வாங்குற அந்தக் கறுப்புத் திரையத் திறந்தீங்களா இல்லியா?... திறந்தீங்க. அதானே பார்த்தேன்... எந்த மேடம் எசிக்காக?... ஓ, எசி ஒட்டூ. ஆமா, செத்துப்போன அந்தம்மாவுக்கும் நாளைக்குத்தான் சாவுச் சடங்கு, புத்தகம் இன்னிக்கு நாலு மணிக்கு எடுக்க வருவாங்க... லண்டன்லேர்ந்து மக வந்திருக்காளா. ஞானஸ்நானச் சீட்டக் கொண்டு வந்து மேஜையில போட்டாளா... சரி. அம்மா பொறந்தது ஞாயித்துக்கிழமை இல்ல, செவ்வாய்க்கிழமை. ஞாயித்துக்கிழமை பொறந்தாத்தான் எசி, செவ்வாய்க்கிழமை பொறந்தா அரபா. அதனால புத்தகம் பூரா எசிய எடுத்துட்டு அரபான்னு போடணும்... எழுபத்தெட்டு வருஷமா ஊரு எசின்னு கூப்பிட்டுச்சே, அப்பல்லாம் இந்தச் சீட்டு எங்க போச்சாம்?... சரி சரி, மாத்தச் சொன்னா மாத்துறது நம்ம வேல. எத்தன எடம்? நாப்பது இருக்குமா? கையால மாத்தினா அர மணி நேரம்... அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கும்னா? உங்களுக்கு இருந்திருக்கணும். பொறுமை இல்லாம என்ன பண்ணீங்க?... சீட்டா? எந்தச் சீட்டு?... மானிட்டர்ல நான் ஒட்டி வெச்சதா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சீட்டைத் தனக்காகத்தான் அவள் எழுதி வைத்திருந்தாள். மூன்றே வரி. மூன்றாவது வரிதான் வேலைக்காரன். ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், அதற்குள் இருக்கும் ஃபோல்டர், அதற்கும் உள்ளே இருக்கும் ஃபோல்டர் என்று கடைசிவரை இறங்கிப்போய், ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, பழைய சொல் இருக்கும் இடமெல்லாம் புதுச் சொல்லை வைத்துவிட்டு வரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். யாரையும் ஒரு வார்த்தை கேட்காது.

"மொத வரி என்ன பாஸ்? படிங்க... 'அந்தக் குடும்பத்து ஃபோல்டருக்குள்ள போ.' போனீங்களா?... போகல. அப்ப எங்க நின்னு ஓட்டுனீங்க?... மேல நின்னா? மொத்த அச்சகத்து வேலையும் இருக்கிற எடத்துல நின்னா? சபாஷ்... ரெண்டாவது வரி? 'மொதல்ல தேடி மட்டும் பாரு, எதெல்லாம் மாறும்னு காட்டும்.' பார்த்தீங்களா?... நேரமில்ல. சரிதான். மூணாவது வரி இருக்கட்டும், எசிங்கிற பேருக்கு ரெண்டு பக்கமும் ஒரு கோடும் 'பி'யும் போட்டிருப்பேனே, அத அடிச்சீங்களா?... என்னது? அழுக்கா?... பேனா கசிஞ்சிருக்குன்னு நெனச்சீங்களா! ஐயா, அது வேலி! அந்தச் சொல் தனியா நின்னா மட்டும் தொடு, வேற சொல்லுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா தொடாதேன்னு சொல்ற வேலி. வேலியப் பிடுங்கிட்டு ஆட்ட அவுத்து விட்டிருக்கீங்க... கடைசியில ஒரு 'ஐ' வேற சேர்த்தீங்களா? அது என் சீட்டுல கிடையாதே... வீடியோவுல சொன்னாங்களா. நல்லா சொன்னாங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து எதையும் பாக்காம வெட்டுன்னு அர்த்தம் அதுக்கு."

இதுவரை வந்த கோபத்தின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது. என்ன ஆகியிருக்கும் என்பது கண்முன்னே ஓடியது.

"பாஸ், ஒரே ஒரு கேள்வி. 'க்வெசி'ங்கிற பேர இங்கிலீஷ்ல எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க... ஆ, அங்கதான். உள்ள யாரு உக்காந்திருக்கா? எசி! ஞாயித்துக்கிழமை பொறந்த ஆம்பள அத்தன பேரும் க்வெசி. புதன்கிழமை நீங்க என்டர் தட்டினதும் அவ்வளவு பேரும் என்ன ஆனாங்க?... ஆமா, ஆமா. க்வரபா! தாடி வெச்ச க்வரபா... ஹா... சிரிக்கல, இருமல்... 'பிரெசிடென்ட்'? அதுக்குள்ளயும் எசி இருக்கா. மீனவர் சங்கத்து அறிக்கையில பிரெசிடென்ட்டுன்னு முப்பது எடத்துல வருமே... என்னன்னு வந்துச்சு?... பிரரபாடென்ட். அவருகிட்டயே காட்டுனீங்களா?... என்ன சொன்னாரு?... அது வெளிநாட்டுப் பட்டமான்னு கேட்டாரா! அடடா, நான் அங்க இல்லாமப் போனேனே... பைபிள் வாசகம்? ஜெனெசிஸ்... ஐயோ வேணாம், சொல்லாதீங்க... ஜெனரபாஸ் முதல் அதிகாரம். ஆதியில கடவுள் இந்த அச்சகத்தப் படைச்சாரு, புதன்கிழமை நீங்க வந்தீங்க."

அக்கா பந்தலுக்குள்ளிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "இதோக்கா, ரெண்டே நிமிஷம். எனக்கும் சோறு எடுத்து வை, மாமா கண்ணுல படாம." பிறகு திரும்பவும் ஃபோனுக்கு.

"சரி, புதன்கிழமை கத முடிஞ்சுது. அப்பவே எனக்கு ஃபோன் பண்ணியிருந்தா கத அங்கயே நின்னிருக்கும். ஏன் பண்ணல?... லீவுல தொந்தரவு பண்ணக்கூடாதுன்னா. அவ்வளவு நல்ல மனசு. வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லுங்களேன்... அப்புறம் வியாழக்கிழமை?... நீங்களே சரி பண்ணீங்க. எப்படி?... திருப்பிப் போட்டீங்களா. அரபா இருக்கிற எடமெல்லாம் எசின்னு. அதே மேல் எடத்துல நின்னு, அதே வேலியில்லாத வரி. பாஸ்... நெசமாவே அரபான்னு பேர் உள்ள பொம்பளைங்க இந்த ஊர்ல இருக்காங்களே, அவங்க என்ன ஆவாங்கன்னு ஒரு நிமிஷம்... யோசிக்கல. ஆன்ட்டி அரபா எசி ஆனது அப்பதான்... மணமகன் பேரு? நடுவுல பெரிய 'ஈ'யோட நின்னுச்சா? பார்த்தும் அச்சடிச்சீங்களா?... ஸ்டைலா இருந்துச்சா!... அந்த ஒட்டூ அம்மாவும் திரும்ப எசி ஆகிட்டாங்க, தெரியுமா? நாலு மணிக்கு லண்டன் மக வந்து, பொறந்த கிழமையே மாறாம இருக்கிற புத்தகத்த எடுத்துப் பார்த்திருப்பா. அத இன்னும் அச்சடிக்கலியே? நல்ல காலம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த வரி ஒவ்வொரு முறை ஓடும்போதும், மாற்றுவதற்கு முன்னால் பழைய ஃபைலைப் பக்கத்தில் ஒரு காப்பி எடுத்து வைக்கும்படிதான் எழுதியிருந்தாள். புதன்கிழமையோடு விட்டிருந்தால் நல்ல காப்பி பத்திரமாக இருந்திருக்கும். வியாழக்கிழமை ஓட்டியதில், நல்ல காப்பியின் மேலேயே கெட்டுப்போனது போய் உட்கார்ந்துவிட்டது.

"காப்பியும் போச்சு... ஆமா, போச்சு. பரவால்ல, மேஜை டிராயர்ல நீல பென் டிரைவ் இருக்கு. திங்கக்கிழமை நான் எல்லாத்தையும் அதுல போட்டுட்டுத்தான் வந்தேன். எடுங்க... இல்லியா? எங்க?... காருலயா? காருல எதுக்கு?... பாட்டா. பாட்டு ஏத்துனீங்களா. இடம் பத்தலன்னு உள்ள இருந்தத... அழிச்சிட்டீங்க. எத்தன பாட்டு?... நானூறா. நல்லா கேளுங்க பாஸ், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குடும்பத்துப் பேர் போயிருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோனில் வேறு ஏதோ காதில் விழுந்தது. முதலாளி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சரியாகப் பொத்தவில்லை.

"ஹலோ?... யார்கிட்ட பேசுறீங்க?... இல்ல, இப்ப ஆன்ட்டிகிட்ட என்ன சொன்னீங்க?... நான் கேட்டுட்டேன் பாஸ். 'அந்தப் பொண்ணு எழுதி வெச்ச வரியால வந்தது'ன்னு என் காதுல விழுந்தது. எந்தப் பொண்ணு?... வேற பொண்ணா. அச்சகத்துல வேற பொண்ணு யாரு இருக்கா, ஜெராக்ஸ் மெஷினா?... என்னைக் கத்தாதேன்னு சொல்லாதீங்க. நான் தினம் அவங்க கடையத் தாண்டித்தான் வேலைக்கு வர்றேன். அந்த மார்க்கெட்டுல அவங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு ஒரு கெஜம் துணி விக்க மாட்டாங்க யாரும்... ஸ்பீக்கர்ல போடுங்க... போடுங்க பாஸ். இல்லன்னா நான் போய் சோறு தின்னுட்டு, ஃபோன அணைச்சிட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் தூங்குவேன்... போட்டாச்சா?"

அவள் இடுப்புத் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். குரல் மாறிவிட்டது.

"ஆன்ட்டி, காலை வணக்கம். நான் எக்குவா. அச்சகத்துல கம்ப்யூட்டர் தட்டுறவ... ஆமா ஆன்ட்டி... ஆமா... நீங்க சொல்றது நியாயம்... இல்ல ஆன்ட்டி, உங்கள அவமானப்படுத்த யாரும் காத்துக்கிட்டு இல்ல... எசிகிட்டேர்ந்து நான் எதுவும் வாங்கல, அவங்க மொகத்தக்கூட சரியாப் பார்த்ததில்ல... என் கொழந்தை மேல... எனக்குக் கொழந்தை இல்ல ஆன்ட்டி, அக்கா கொழந்தை மேல சத்தியம், இன்னிக்குத்தான் பேர் வெச்சோம்... நான் வரி எழுதினது நெசம். ஆனா ஓட்டினது யாருன்னு மிஸ்டர் கார்ட்டியே இப்ப உங்ககிட்ட சொல்வாரு. பாஸ், சொல்லுங்க... கேக்கல... இன்னும் கொஞ்சம் சத்தமா, இங்க பாட்டு ஓடுது... ஆ. கேட்டீங்களா ஆன்ட்டி? புதன்கிழமை ஒரு தடவ, வியாழக்கிழமை ஒரு தடவ. ரெண்டும் அவரு கை... சரி, திட்டுங்க. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தாள். பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. சிறிது நேரம் ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"முடிஞ்சுதா ஆன்ட்டி?... தண்ணி குடிங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாதீங்க. நாற்காலிய அவரு பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு, அவரு விரலையே பாருங்க. நான் சொல்ற எழுத்த மட்டும் அவரு தட்டணும். அதிகமா ஒண்ணு தட்டினா சொல்லுங்க... பாஸ், மொதல்ல மொத்த ஃபோல்டரையும் அப்படியே காப்பி எடுங்க. ஆமா, கெட்டுப்போனதத்தான். இதவிடக் கெடாம இருக்கட்டும்னு... எடுத்தாச்சா? இப்ப மேல் அம்புக்குறிய ஒரு தடவ அமுக்குங்க, உங்க வீர வரி திரும்ப வரும். கடைசியில இருக்கிற அந்த 'ஐ'ய அழிங்க... ஆன்ட்டி, அழிச்சாரா?... சரி. தேடுற எடத்துல: சின்ன டபிள்யூ, பெரிய ஈ, சின்ன எஸ், சின்ன ஐ. வைக்கிற எடத்துல அதேதான், ஆனா ஈயும் சின்னது... ஏன்னா, ஒரு சொல்லுக்கு நடுவுல யாரும் பெரிய எழுத்து போட மாட்டாங்க பாஸ். நடுவுல பெரிய ஈ நின்னா அது நீங்க பண்ணின காயம்னு அர்த்தம். அதத் தடவிப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம்... படிச்சுக் காட்டுங்க, எழுத்தெழுத்தா... இன்னும் தட்டாதீங்க!... ஆன்ட்டி, அவரு கை எங்க இருக்கு?... சரி, இப்ப தட்டுங்க."

"மணமகன் ஃபைலத் திறங்க... 'க்வெசி' ஒழுங்கா நிக்கிறாரா? உங்க மகன் திரும்பி வந்துட்டாரு ஆன்ட்டி... இருங்க, இன்னும் மூணு இருக்கு. டபிள்யூ இருந்த எடத்துல ஆர்... பிரெசிடென்ட் வந்துட்டாரா? அப்புறம் என்... ஜெனெசிஸ். அப்புறம் டி, டிசைனுக்கு... ஆமா, ஆமா. அவ்வளவுதான். இனிமேதான் வேல."

இனிமேல்தான் கம்ப்யூட்டர் கைவிரிக்கும் இடம். தனியாக நிற்கும் எசியில் எது பிறந்ததிலிருந்தே எசி, எது வியாழக்கிழமை எசியான அரபா என்று எந்த வரியாலும் பிரிக்க முடியாது.

"பழைய வேலையெல்லாம் திங்கக்கிழமை நான் வந்து பார்த்துக்கறேன். நாளைக்கும் அடுத்த வாரமும் போறது மட்டும் தேடிக் காட்டச் சொல்லுங்க... எத்தன வரி?... இருபத்தாறு. பாஸ், அந்தந்த வீட்டுக்கு ஃபோன் போட்டு, 'அம்மா, நீங்க எந்தக் கிழமை பொறந்தீங்க'ன்னு கேளுங்க... கேக்கத்தான் வேணும், வேற வழியில்ல... என்ன ஆன்ட்டி?... உங்களுக்குத் தெரியுமா? எல்லாரையுமா?... சரி, மொதல்ல ஆன்ட்டி பேரையே அரபான்னு மாத்துங்க பாஸ். மாத்தியாச்சா? இப்ப மத்தத படிங்க, அவங்க சொல்லட்டும்... எசி ஆர்த்தர்?... செவ்வாய்க்கிழமையா, நிச்சயமா?... அவங்க பொறந்தப்ப தொட்டில் துணி நீங்கதான் குடுத்தீங்களா. சரி, அரபா. அடுத்தது?... எசி நனா? நெசமான எசி. தொடாதீங்க... இவங்களுக்கு என்ன?... அரபாதான், ஆனா வாயத் தொறந்தா பொய்யா... அது இருக்கட்டும் ஆன்ட்டி, கிழமை மட்டும் சொல்லுங்க... ஆமா... ஆமா... அடுத்தது..."

இருபத்தாறு வரிக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முப்பது வருஷமாகக் கேப் கோஸ்டில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யார் செத்தாலும் துணி எடுக்க ஆன்ட்டி அரபாவின் கடைக்குத்தான் வந்திருக்கிறார்கள். நடுவில் முதலாளியின் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொரு எழுத்தாக, பயந்து பயந்து.

"இப்ப ஒட்டூ அம்மா. பாஸ், அவங்க ஃபோல்டருக்குள்ள *போங்க*. போயாச்சா? மொதல்ல தேடி மட்டும் பாருங்க... நாப்பத்தி மூணு. இப்ப வரி, வேலியோட. அந்த அழுக்கு ரெண்டையும் மறக்காம... ஆன்ட்டி, அதுக்கு என்ன?... செவ்வாய்க்கிழமை பொறந்தும் அத்தை பேரான எசியையே வெச்சாங்களா? அப்ப மகளுக்கு அது தெரியல. நாலு மணிக்கு வருவா, நீங்களே சொல்லுங்க. நாங்க கேட்டத அச்சடிக்கிறவங்க... தட்டுங்க பாஸ். சரி. ரெண்டு புத்தகமும் மெஷின்ல ஏத்துங்க. போய் பேப்பர் எடுங்க. ஃபோன ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டுப் போங்க."

மெஷின் ஓட ஆரம்பிக்கும் கடகடப்பு தூரத்தில் கேட்டது. எக்குவா இப்போதுதான் தன் தோள் வலிப்பதை உணர்ந்தாள்.

"ஆன்ட்டி?... சொல்லுங்க... ஸ்பீக்கர அணைச்சிட்டீங்களா? சரி... இல்ல, அவருக்குக் கேக்காது... என்ன கேக்கணும்?"

கேட்டுக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் முன்பு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வைத்த குரல், இப்போது காதோடு ஒட்டிப் பிடித்தால்தான் விளங்கியது.

"முடியும் ஆன்ட்டி... ஆமா. ஒரு பேரத் தேடி, அந்த எடத்துல ஒண்ணுமே வைக்காம விட முடியும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல எதுவும் எழுதாம விட்டா போதும், பேர் போயிடும்... யாரு பேரு?... மிஸ்டர் டாவியாவா... ஆன்ட்டி... முடியாதுன்னு சொல்லல. ஆனா டாவியாங்கிறது உங்க மகன் பேருலயும் இருக்கு. உங்க பேருலயும் இருக்கு. தேடிப் போனா அங்கயும் போய் நிக்கும்... ஆமா... ஆமா, அது ஒரு வரிய மட்டும் கையால எடுக்கலாம். எடுத்துட்டா நாளைக்கு சர்ச்சுல அத்தன பேரும் அந்தக் காலி எடத்தத்தான் பாப்பாங்க... தெரியல ஆன்ட்டி. நான் என்ன சொல்ல முடியும்?... அழாதீங்க. அழுங்க, பரவால்ல, அவரு பேப்பர் கட்டப் பிரிக்க நேரமாகும்."

அக்கா தட்டோடு வந்து நின்றாள். எக்குவா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"என்ன?... சின்னதாவா? எழுத்த மட்டுமா?... அது செய்யலாம். செய்யலாம் ஆன்ட்டி, அதுல தப்பே இல்ல, பேர் இருக்கத்தான போகுது... மத்த எழுத்தெல்லாம் பன்னெண்டு சைஸ். அவருக்கு எட்டு வெக்கவா?... இன்னுமா?... ஆறுன்னா கண்ணாடி போட்டாலும் தெரியாதே... சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க... சரி. மெஷின நிறுத்தச் சொல்லி பாஸ்கிட்ட ஃபோனக் குடுங்க, நான் சொல்றேன்... பாஸ்? ஒரு திருத்தம். ஒரே ஒரு வரி, கையால... ஏன்னு கேக்காதீங்க. ஆறு... ஆறுதான், காது நல்லா கேக்குது உங்களுக்கு. வெக்கறேன்."